மிச்ச ஊர்வலம்

கடைக்கு வந்தவனின் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, இரண்டு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினான் நெங்கா. ஹெல்மெட் திரும்பியது. தலை திரும்பவில்லை.

"இது உனக்கில்ல. குடத்துல போட்ட எலுமிச்சம்பழம் மாதிரி ஆடுது."

"அப்பதான் அண்ணே உள்ள காத்து வரும்."

"காத்து வேணும்னா அடுத்த கடையில ஃபேன் விக்கிறான்."

அடுத்த அளவை எடுத்து மாட்டினான். வந்தவனின் கன்னங்கள் அமுங்கி, வாய் மீனின் வாய்போலக் குவிந்தது. மறுபடியும் திருப்பினான். இந்த முறை நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தது.

"ஏதாவது பேசு."

அவனால் சரியாகப் பேச முடியவில்லை.

"இதான் உன் அளவு" என்றான் நெங்கா.

கல்லாவில் உட்கார்ந்து, நாளைய படையலுக்குத் தென்னங்குருத்தில் சின்னத் தட்டுகள் பின்னிக்கொண்டிருந்த அவன் மனைவி கொமாங் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதிப் பேர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பாதி, தாடை வாரை மாட்டும்போது போய்விடுவார்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் நுழைந்தால் நெங்கா இறுக்குவான். இறுக்கினால் மூச்சு முட்டுகிறது என்பார்கள். பொம்மைக் காது வைத்த இளஞ்சிவப்பு ஹெல்மெட் கேட்டு வந்த ஒருத்தியிடம், அவள் கொண்டுவந்திருந்த பழையதன் உட்புறத்தைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினான். விரல் நேராகப் பிளாஸ்டிக்கைத் தொட்டது. "இது மழைக்கு நல்லது" என்று திருப்பிக் கொடுத்தான்.

கொக்கியிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்த ஹெல்மெட்டை அவன் விற்பதில்லை. கீறல் இல்லாவிட்டாலும் விற்பதில்லை. "அது தன் அடியை வாங்கிடுச்சு. இன்னொண்ணு தாங்காது" என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவான். வீட்டு முற்றத்தில் சோற்றில் வாசனைக்குப் போட கொமாங் வளர்க்கும் ரம்பைச் செடிகள் எல்லாம் ஹெல்மெட்டில்தான் வளர்கின்றன.

உப்பு வாங்க வண்டி எடுத்தாலும் நெங்காவுக்குக் கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ், தோளிலும் முழங்கையிலும் அட்டைபோல் ஏதோ வைத்துத் தைத்த மேல்சட்டை. ஊரில் எல்லோரும் வெயிலுக்காகச் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பில் போகிறவர்கள். "எந்த நாட்டோட சண்டை, நெங்கா?" என்று கேட்பார்கள். "ரோட்டோட" என்பான். அவன் முகம் சிரிக்காது.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவனும் எல்லோரையும் போலத்தான் இருந்தான். கோயிலுக்குப் போகிற நாளில் வெள்ளைச் சட்டை, சரிகைக் கைலி, தலையில் முடிச்சு நிற்கும் தலைத்துணி. அந்த உடையில் போகிறவர்கள் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. யாரும் அவர்களை நிறுத்துவதுமில்லை. கண்ட தரையில் கிடக்கிற பொருளைச் சாமிக்குப் போகிற தலையில் யார் கவிழ்ப்பார்கள்? அப்படிப் போன ஒரு நாள், வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் பெரிய சாலையில், மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணலில், ஒரு நாய்க்காக பிரேக் போட்டான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நெங்காவின் பின்தலை ஓரக்கல்லில் மோதியது. பிழைத்துக்கொண்டான். கை கால், பேச்சு, நினைவு எல்லாம் அப்படியே திரும்பின. வாசனை மட்டும் திரும்பவில்லை.

மீன் கெட்டுவிட்டதா என்று கொமாங் முகர்ந்து சொல்கிறாள். பழுதுக்கு வருகிற ஹெல்மெட்டுகளின் உள்துணியையும் அவளே முகர்ந்து சொல்கிறாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஊதுபத்தி அவனுக்கு வெறும் புகை. மகள் புத்து குளித்துவிட்டு வந்தால் அவள் தலையில் முகத்தை வைத்துப் பார்ப்பான். பிறகு கொமாங்கைப் பார்ப்பான்.

"அதே ஷாம்பூதான்" என்பாள் அவள்.

இந்த ஆண்டுத் திருவிழாவில் கோயிலில் ஆடும் சிறுமிகளில் புத்துவும் இருந்தாள். பதினோரு வயது. தலையில் பூவும் பொன்தகடும் வைத்த உயரமான கிரீடம். அதைக் கூந்தலோடு சேர்த்து ஊசிநூலால் தைக்க வேண்டும். புத்துவின் அத்தை ஒருத்திக்குத்தான் அது வரும். அத்தையால் எழுந்து எங்கும் போக முடியாது. ஆகவே அத்தை வீட்டிலேயே அலங்காரம் முடித்துத்தான் போயாக வேண்டும். ஊரின் ஒரே சரக்கு வண்டியில் வாத்தியங்கள் போகும். மற்ற சிறுமிகள் எல்லோரும் ஸ்கூட்டரில், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துதான் போகிறார்கள்.

கிரீடத்தை அத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கு நெங்கா கடையிலிருந்த ஆகப் பெரிய ஹெல்மெட்டை எடுத்துவந்தான். கிரீடத்தின்மேல் வைத்துப் பார்த்தான். அது பூச்செடிமேல் விழுந்த இளநீர் போல நின்றது.

"பிள்ளை ஆடப் போறாளா, நிலாவுக்குப் போறாளா?" என்றாள் கொமாங்.

"நடந்து போகட்டும்."

"இந்தக் கைலியில எப்படிங்க நடப்பா? வேர்வையில கண்மை வாய்க்கு வந்துடும்."

"அப்ப ஆட வேணாம்."

புத்து கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நெங்கா ஹெல்மெட்டைத் திரும்பவும் கடைக்குக் கொண்டுபோனான். கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினான்.

கூட்டிப்போக வேண்டியவன் கொமாங்கின் தம்பி காடெக். ஹெல்மெட்டை எப்போதும் முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவன். "முழங்கைய நல்லா பாத்துக்கறே மாப்ளே" என்று நெங்கா அவனிடம் சொல்வதுண்டு. நெங்காவே கூட்டிப்போக முடியாது. அவன் ஊர்க்காவலில் இருந்தான். திருவிழா நாளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றி, கழுத்தில் விசில் தொங்க, ஊர்ச் சந்து பெரிய சாலையில் சேரும் இடத்தில் அவன் நிற்க வேண்டும். சாலையின் மறுமுனையில், கோயில் வாசலில், இன்னொரு ஊர்க்காவல்காரன் வயான் நிற்பான். சாமி ஊர்வலம் வரும்போது இருவரும் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்துவார்கள். ஊர்க்காவல் கை காட்டினால் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும்.

திருவிழா அன்று காலை, வேறு வழியில்லாமல், நெங்கா காடெக்கிடம் சொன்னான்: "இருபதுக்கு மேல போகாதே."

"மாமா, இருபதுல போனா வண்டி சாஞ்சிடும்."

"சைக்கிள்ல போறவன் சாயறானா?"

அத்தையின் ஊசி அன்று மெதுவாகத்தான் நகர்ந்தது. சாமி ஊர்வலம் குடைகளோடும் வெண்கல ஓசையோடும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாலையைத் திறந்துவிட்டார்கள். அடைபட்டிருந்த மணல் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓட ஆரம்பித்தன. அதற்குப் பிறகுதான் புத்து கிரீடத்தோடு, கழுத்தை அசைக்காமல், காடெக்கின் பின்னால் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள். கொமாங் படையல் கூடையைக் கால்களுக்கு நடுவே வைத்து, கொண்டைக்குமேல் ஹெல்மெட்டை மாட்டி, தன் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தாள். சந்தில் பயமில்லை. அங்கே கோழிகள்கூட வண்டியை முந்தும். பயமெல்லாம் சந்து முடிகிற இடத்தில்தான்.

சந்து முனையில் நெங்கா அவர்களைப் பார்த்தான். மகளின் தலையைப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்தான்.

"வயான், அந்தப் பக்கம் மூடு."

ஃபோனில் வயானின் குரல் கொமாங்குக்கே கேட்டது: "எதுக்கு? சாமி உள்ள வந்தாச்சே."

"மூடு."

விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே நடுச்சாலைக்குப் போய்க் கையை நீட்டினான். முதல் லாரி புழுதியோடு முனகி நின்றது. அதன் பின்னால் இரண்டாவது. அதன் பின்னால் மாவட்ட அலுவலகக் கார் ஒன்று. வாடகை ஸ்கூட்டரில் ஒரு வெள்ளைக்காரனும் பெண்ணும், வெறும் தலையோடு, கைபேசியைத் தூக்கிக்கொண்டு படமெடுக்கத் தயாரானார்கள்.

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான். "அண்ணே, ஊர்வலம் போயிடுச்சே!"

"மிச்சம் இருக்கு."

"எவ்வளவு மிச்சம்?"

நெங்கா காடெக்கைப் பார்த்து மோவாயை அசைத்தான்.

ஒரு ஸ்கூட்டர் சாலையில் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. ஊர்வலம் அவ்வளவுதான். காடெக் வாழ்க்கையில் முதல் முறையாக இருபதில் ஓட்டினான். காது மடல் சிவந்திருந்தது. புத்து இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கோயிலில் நுழைவதைப்போல நேராகப் பார்த்தபடி போனாள். எதிரே சாலை காலியாக, இரு பக்கமும் வயல்களோடு, நீளமாகக் கிடந்தது. பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. மாவட்ட அலுவலகக் காரின் ஹாரன் எல்லாவற்றையும்விட நீளமாக அடித்தது.

கோயில் வாசலில் வயான் வாய் திறந்து நின்றான். "இதுதானா அக்கா அந்த மிச்சம்?"

"இதுதான்" என்றாள் கொமாங்.

காடெக் வண்டியை நிறுத்தினான். புத்து இறங்கினாள். கைலியைச் சரிசெய்தாள். கிரீடத்தில் ஒரு பூகூட அசைந்திருக்கவில்லை. வயான் ஃபோனில் சொன்னான்: "வந்தாச்சுப்பா. இறங்கிட்டா. திறந்து விடு, அந்தக் கார்ல இருக்கறவன் நம்மளக் கொன்னுடுவான்."

கொமாங் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாலையின் அந்தக் கோடியில், வரிசையாக நின்ற வண்டிகளுக்கு முன்னால், கட்டம் போட்ட துணி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. புத்து கோயில் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். நெங்காவின் கை இன்னும் இறங்கவில்லை.