மலைவாழைப் பழமும் என் பி.எஸ்ஸி. நர்ஸிங்கும்

மேற்கொண்டு எந்தப் பட்டம் படிக்கலாம் என்று கேட்டு வரும் இளம் நர்ஸுகளிடம் நான் முதலில் வெள்ளையன் என்ற நோயாளியின் காலைப் பற்றித்தான் சொல்வேன். சுற்றி வளைக்கிறேனே என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சர்டிபிகேட் படிப்பு மட்டும்தான் கையில். மேலே போகப் பட்டம் வேண்டும். என் கணவர் சவரிமுத்து பள்ளிக்கூட வாத்தியார், வீட்டிலிருந்தே பி.ஏ. எழுதச் சொன்னார்.

"பி.ஏ., அப்புறம் பி.டி. முடிச்சா நீயும் டீச்சராயிரலாம் மேரி. பெட்பேன் தூக்க வேணாம், நைட் டூட்டி கெடையாது."

எனக்கோ, வேலையில் இருக்கும் நர்ஸுகளுக்கென்று வந்திருந்த இரண்டு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் மேல்தான் கண். அதற்குத் திருவனந்தபுரம் போக வேண்டும்.

"அதுவரைக்கும் நான் சோத்துக்கு லாட்டரியடிக்கவா?" என்றார். வீட்டில் பேச்சு அதோடு நின்றது. எனக்கு ஒரே எரிச்சல்.

அப்போதுதான் சிறுமலையிலிருந்து வெள்ளையன் வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தில் ஆறாத புண். மூத்திரத்தை பெனடிக்ட் சொல்யூஷனில் விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை இல்லாதபோது நீலமாகவே நிற்கும். ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். இவருக்கு தினமும் செங்கல்தான். இன்சுலினைக் கூட்டியும் இறங்கவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

ஒரு நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு சீப்பு மலைவாழை.

"இனிப்பு தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சத்தியமா தொடல நர்ஸம்மா. இனிப்புன்னா மிட்டாய்க் கடையில விக்கிறதுல்ல? இது எங்க தோட்டத்துல காச்சது. சாமிக்குப் படைக்கிற பழம், ஒடம்புக்கு நல்லது."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வார்டில் எல்லோருமே "இனிப்பு கூடாது" என்ற இரண்டு வார்த்தையோடு வேலையை முடித்துக்கொள்வோம். இனிப்பு என்றால் அவருக்கு எது என்று யாரும் கேட்டதில்லை.

டெஸ்ட் ட்யூபை அவர் கண்ணெதிரே காய்ச்சிக் காட்டினேன். பழத்தை நிறுத்தினோம். நிறம் மெல்ல மெல்ல மஞ்சளாகிப் பச்சைக்கு வந்தது. புண்ணும் ஆறத் தொடங்கியது. அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் கட்டில்காரருக்கு வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே அப்பு, தோட்டத்துப் பழம்னு ஏமாறாத. செங்கலாக்கிரும்!"

அந்த நேரம் பார்த்து நான் ஆக்கி வைத்திருந்த சாப்பாட்டை எனக்குக் கொண்டுவந்த சவரிமுத்து, தூக்குச்சட்டியோடு வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்கிளாஸ்ல ஒரு பய இம்புட்டுத் தெளிவா ஒப்பிச்சதில்ல. யாரு சொல்லிக்குடுத்தா?"

"நாந்தேன்."

தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினார். பிறகு, "அப்ப டீச்சராகுறதுக்கு பி.ஏ. எதுக்கு? நீ திருவனந்தபுரம் கெளம்பு. நான் சோறு வடிக்கப் பழகிக்கிறேன்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளையன் தன் இரண்டு காலாலும் நடந்து ஊருக்குப் போனார். நான் படித்து முடித்து, நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லும் சிஸ்டர் ட்யூட்டர் ஆனேன். முதல் வகுப்பில் ஒரு மலைவாழைப் பழத்தைக் காட்டி, "இது இனிப்பா?" என்று கேட்பேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள்.

"சரி, வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பாடத்தை ஆரம்பிக்கலாம்."