சிவப்புப் பொட்டுக்கு அந்தப் பக்கம்

மணியாச்சி சந்திப்பில் கோவில்பட்டி வண்டிக்காக நின்றபோது எங்கள் மானாவாரி விவசாயிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மைக்செட் சுடலைமுத்து அண்ணாச்சி காலமானார். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பதினோரு வருடமாக ஒரு கூட்டத்துக்கும் அவரை அழைக்காதவர்களின் கைகள். நான் எதையும் போடவில்லை. சொல்ல வேண்டியதை அண்ணாச்சியின் பதினாறாம் நாளன்று, குளத்தூர் மைதானத்தில், உங்கள் எல்லோர் முன்னாலும் வாசிப்பது என்று ரயிலிலேயே முடிவு செய்தேன்.

அவர் வேலை செய்யும் முறை உங்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி முடித்ததும் மேடையில் யாரையாவது பேசச் சொல்வார். கடைசி வரிசைக்கு நடந்துபோய், மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஏன் திரும்பி நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வாயைப் பாத்தா பாதி கேட்ட மாதிரி இருக்கும் சார். முதுகுக்குக் கேக்கணும்" என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவருடைய ஒவ்வொரு ஆம்பிளிஃபயரிலும், சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் மகள் கோமதியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருப்பார். எந்த இடத்துக்குமேல் திருகினால் குரல் கிழியத் தொடங்குமோ அந்த இடத்தில் பொட்டு. மந்திரியே வந்து கேட்டாலும் குமிழ் அதைத் தாண்டாது.

நான் கோவில்பட்டியில் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவன். பதினோரு வருடத்துக்கு முன் சங்கத்தின் செயலாளரும் நான்தான். மழையில் அழுகிய மிளகாய்க்கு நிவாரணம் கேட்டு, அதிகாரிகளை இதே மைதானத்துக்கு வரவழைத்திருந்தோம். அண்ணாச்சி நான்கு குழாய்களுக்கு இருநூற்றைம்பது வாட் ஆம்பு எடுத்து வைத்தார். நான் மறுத்தேன். குழாயின் அடியில் சத்தம் எழுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் நாற்பது வாட். நான்குக்கும் சேர்த்து நூற்று அறுபது. அதற்குமேல் கொடுத்தால் எரியும், நூறு வாட் வைத்தால் பத்திரம் என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க வாட்ஸைப் பாடம் எடுக்கீங்க, நான் அதைத் தூக்கிச் சுமக்கேன். பெரிய ஆம்பு பாதியில நின்னா யூனிட்டுக்கு ஒண்ணும் ஆகாது. சின்ன ஆம்பு மூச்சு வாங்குச்சுன்னா அதுதான் கொல்லும்" என்றார். எதிரில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. செயலாளர் சொல்கிறேன், நூறு வாட்தான் என்றேன். அவர் சின்ன ஆம்பையே வைத்தார். போகும்போது பொட்டைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு அங்கிட்டு மட்டும் போயிராதீங்க" என்றார்.

மத்தியானம் காற்று எழும்பியது. கரிசலில் தடுக்க ஒரு மரம் இல்லை. பேச்செல்லாம் காற்றோடு போயிற்று. குளத்தூர் சீனியம்மாள் அக்கா அப்போதுதான் மைக்கைப் பிடித்திருந்தார். மூன்று ஏக்கர் மிளகாய் தண்ணீரில் நின்றதை அவர் சொல்லச் சொல்ல, பின்னாலிருந்து கேட்கவில்லை என்று குரல் வந்தது. அண்ணாச்சி தூரத்தில் ஒரு குழாயைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் குமிழைப் பொட்டுக்கு அந்தப் பக்கம், கடைசிவரை திருகினேன். ஒரு நிமிடம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அக்காவின் குரல் தகரம் கிழிவதுபோல் ஆயிற்று. குழாய்கள் ஊளையிட்டன. ஒன்றன்பின் ஒன்றாக நான்கும் அடங்கின.

மைக் இல்லாமல் எதைப் பதிவு செய்வது என்று அதிகாரிகள் எழுந்துவிட்டார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. அந்த வருடம் அக்காவுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி ஓடிவந்தார். குமிழைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து வயரை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவர் குமிழைப் பொட்டுக்கு இந்தப் பக்கம் திருப்பி வைத்தார். அதற்குள் சங்கத் தலைவர், "செத்த யூனிட்டைக் கொண்டாந்து எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீரே வே" என்று கத்தினார். அண்ணாச்சி குழாய்களை இறக்கப் போனார். அதன்பின் விளாத்திகுளம் வட்டாரத்தில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. செத்த யூனிட் சுடலைமுத்து என்பது பெயராகவே ஆயிற்று.

கூட்டம் கலைந்த அன்றைக்கு வீட்டில்தான் கணக்கைச் சரியாகப் போட்டேன். ஆம்பு தன் சக்திக்கு மேல் உழைக்கும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. அப்போது நூறு வாட் ஆம்பு ஏறக்குறைய இருநூறு வாட் வரை தள்ளும். யூனிட்டுகள் தாங்குவது நூற்று அறுபது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை போட்டிருக்கக்கூடிய கணக்கு.

ஒரு மாதம் கழித்து அவர் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், அதற்குப் பதிலாக அவரிடம் கோபப்பட்டேன். குமிழைத் திருகியது யாரென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "நான் சொன்னா ஊரு உங்கள ஏசும். நீங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய முன்னால நிக்கணும்லா. ஒருநாள் நீங்களே சொல்லுவீங்க சார்."

இதைத்தான் நான் அவரிடம் இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றே சட்டையைப் பிடித்திருந்தால் சண்டையோடு முடிந்திருக்கும். அவர் காத்திருந்தார். பேருந்து நிலையத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் சௌக்கியமா என்று மட்டும் கேட்டார். நான் மனிதர்கள்மேல் வைத்திருக்கும் வன்மங்கள் பல. எதையும் எளிதில் விடுகிறவன் இல்லை. ஆனால் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒருவர்மேல் பதினோரு வருடம் வன்மம் வைத்திருந்தது இவர்மேல் மட்டும்தான்.

நேற்றுத் தலைவர் கூப்பிட்டார். நான் எழுதியது அவர் காதுக்குப் போயிருக்கிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்றார். நான்கு யூனிட்டையும் எரித்தது நான் என்பதுதான் அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை, அதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன் என்றேன். தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அந்த நூறு வாட் ஆம்பைக் கோமதி என்னிடம் கொடுத்துவிட்டாள். பொட்டு மங்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அதுவும், கடைசி வரிசைவரை நடக்கும் அந்தப் பழக்கமும்தான். இன்றைய கூட்டத்துக்கு அவள் இருநூற்றைம்பது வாட் ஆம்பைக் கொண்டுவருகிறாள். குமிழ் பாதியில் நிற்கும். கடைசி வரிசையில் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கும்படி சீனியம்மாள் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். கேட்கிறது என்று அவர் கையைத் தூக்கிய பிறகுதான் இதன் முதல் வரியை வாசிப்பேன்.