ஒன்பது கிராம்

பேய்க் கதை சொல்கிறவர்கள் முதலில் ஒரு சத்தியம் செய்வார்கள். நான் செய்யப் போவதில்லை. இருபத்தைந்து வருடம் கப்பல் இன்ஜினோடு குப்பை கொட்டியவன் நான். கண்ணால் பார்க்காததை நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் என்னைவிட மோசம். அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நடுவில் ஒரு சின்ன இடத்தில் நானும் வருகிறேன். அந்த இடத்துக்கு நானே சாட்சி.

அப்போது எங்கள் கடற்படைக்கு ஒரு புது வகைக் கப்பல் வரைந்துகொண்டிருந்தார்கள். சின்னக் கப்பல்தான். ஆனால் முதுகில் ஏவுகணை. பாய்ந்து போய்ச் சுட்டுவிட்டு, எதிரி யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். வேகம் இல்லையென்றால் அந்தக் கப்பலே வேண்டியதில்லை. அதனால் அதன் உடம்பை ஒல்லியாக, ஊசி மாதிரி வரைந்திருந்தார்கள்.

அக்காவுக்கு வேலை, கப்பலின் மாதிரியைத் தண்ணீரில் ஓடவிட்டுப் பார்ப்பது. அதற்கென்று ஒரு தொட்டி உண்டு. தொட்டி என்றதும் குளிக்கிற தொட்டியை நினைத்துவிடாதீர்கள். இருநூறு மீட்டர் நீளம், நாலு ஆள் ஆழம். மேலே தண்டவாளம், அதில் ஓடும் ஒரு வண்டி, கடைசியில் அலை கிளப்பும் யந்திரம். பாசி பிடிக்கக் கூடாது என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். விளக்கும் தேவைக்குத்தான். நடுப்பகலில் உள்ளே போனாலும் ராத்திரிதான்.

மாதிரிக் கப்பல் மஞ்சள் நிறம், இரண்டு மீட்டர் நீளம். நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு. ஒரு முறை அதை ஓடவிட்டால், தண்ணீர் முழுக்க அடங்கும்வரை அடுத்த முறை ஓட்டக் கூடாது. இருபது நிமிடம் ஆகும். "தண்ணி தூங்கணும் மேடம்" என்பார் வண்டி ஓட்டுகிற டிரைவர். அக்காவின் வேலையில் பாதி, அந்த இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

வீட்டுக்குப் போனாலும் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். கல்யாணம் ஆகி இரண்டே வருடத்தில் முறிந்துபோயிற்று. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் நான் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணுவேன். மற்ற ஆறு நாளும் அவள் வீட்டில் போன் அடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில்தான் நான் பெருமையாகச் சொன்னேன், புதுக் கப்பல் வந்ததும் முதல் கப்பலின் இன்ஜின் அறைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று. அவள் சந்தோஷப்பட்ட மாதிரிப் பேசினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

காரணம் இருந்தது. அலை பின்னாலிருந்து துரத்தும்போது முழு வேகத்தில் ஓட்டினால், மாதிரிக் கப்பல் சில சமயம் மூக்கைத் தண்ணீரில் குத்தியது. குத்தி, பக்கவாட்டில் திரும்பி, அப்படியே சாய்ந்தது. எப்போதும் இல்லை. அதுவரை மூன்று தடவை.

வடிவமைப்புக்குத் தலைவர் ஒருத்தர் இருந்தார். எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'. தும்மினால்கூட அவசரமாகத்தான் தும்முவார். அக்கா போய்ச் சொன்னதற்கு அவர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"மூணு தடவைதானேம்மா? கருவியில ஏதாவது கோளாறா இருக்கும். முழு வேகத்துக்குச் சரின்னு நாளைக்குக் காலைல கையெழுத்து வேணும். ரொம்ப அவசரம்."

அவள் கையெழுத்துப் போட்டால் அந்த உடம்போடு கப்பல் கடலுக்குப் போகும். உள்ளே தம்பி இருப்பான். போடாவிட்டால் வேலை போகும். இவ்வளவுதான் விஷயம். அன்று மத்தியானம் அவள் தலையில் ஓடியது இது ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு டிரைவருக்குக் காய்ச்சல் கண்டது. "மன்னிச்சுக்குங்க மேடம், நிக்க முடியல" என்று கிளம்பிவிட்டார். தனியாக யாரும் தொட்டியை ஓட்டக் கூடாது என்பது விதி. ஆனால் காலையில் கேட்பார்களே. இன்னும் ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அவளே வண்டியில் ஏறினாள்.

இரண்டு நாற்பதுக்கு ஓட்டினாள். அலை பின்னால். முழு வேகம்.

மூக்குக் குத்தியது. திரும்பியது. சாய்ந்தது.

நாலாவது தடவை.

வண்டியை நிறுத்தி, அலை யந்திரத்தை அணைத்து, மேசை விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தூங்கட்டும் என்று. ஈ காக்கை இல்லாத கட்டடம். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணி ஆயிற்று. தண்ணீர் தூங்கவில்லை.

அலையை அளக்கிற பேனா ஒன்று காகிதத்தில் கோடு போடும். தண்ணீர் அடங்கியதும் கோடு நேராகிவிடும். அன்றைக்கு நேராகவில்லை. கிர்... கிர்... கிர்... என்று சின்னதாகக் கீறிக்கொண்டே இருந்தது. அலை என்றால் ஒன்று பெரிதாகும், ஒன்று தேயும். இது ஒரே அளவு. யாரோ கையை வீசி நீந்துகிற மாதிரி சீராக வந்தது.

அலை யந்திரத்தைப் போய்ப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. காற்று இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள்.

தொட்டியின் இருட்டுக் கோடியிலிருந்து தண்ணீர் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் வந்துகொண்டிருந்தன. காசு அகலம்தான் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக, நேர் கோட்டில். அந்தத் தொட்டியில் மீன் கிடையாது. புழு பூச்சி கிடையாது. வட்டங்கள் மஞ்சள் கப்பலின் பக்கத்தில் வந்தன. வந்த இடத்தில் நின்றன.

பேனாவும் நின்றது.

அக்கா பயந்துதான் போனாள். ஆனாலும் அவள் அவள்தானே. பயந்தாலும் முறைப்படிதான் பயப்படுவாள். ஓட்டம் முடிந்ததும் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்ததா என்று எடை போட்டுப் பார்ப்பது வழக்கம். சங்கிலி போட்டு மாதிரியைத் தூக்கினாள். சொட்டு இல்லாமல் துடைத்தாள். தராசு மேடையில் வைத்தாள். சரியான எடை இருந்தால் சிவப்பு எழுத்தில் பூஜ்யம் காட்டும்படி அதை அமைத்திருந்தார்கள்.

பூஜ்யம் காட்டியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

டிக்.

கப்பலுக்குள்ளிருந்து. நகத்தால் தட்டுகிற சத்தம்.

பூஜ்யம் இருந்த இடத்தில் 9.

டிக்.

18.

தராசை அணைத்துப் போட்டாள். மறுபடியும் 18. மேடையை யாரும் தொடவில்லை. அவள் இரண்டடி தள்ளி நின்றாள்.

டிக்... 27. டிக்... 36.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பது கிராம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

63-இல் நின்றது. ஆனால் தட்டுவது நிற்கவில்லை. டிக்டிக்டிக்டிக் என்று வேகமாக... பல இடங்களிலிருந்து... எல்லாம் மேல்பக்கமாக.

மூடியின் கொக்கிகளை அவள் எப்படித்தான் கழற்றினாளோ, அவளுக்கே நினைவில்லை. மூடியைத் தூக்கினாள். சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே காய்ந்து கிடந்தது. ஒன்றுமே இல்லை.

மூடியைத் திருப்பினாள்.

உள்பக்கம் ஈரத் தடங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள்.

உள்ளங்கைகள். ஐந்து விரலும் விரித்து, மேலே தள்ளிய உள்ளங்கைகள்.

கணக்குப் போடுகிற புத்தி லேசில் விடாது. நீளம் இருபதில் ஒன்று என்றால், நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்ந்து எடை எட்டாயிரத்தில் ஒன்று. ஒன்பது கிராமை எட்டாயிரத்தால் பெருக்கினாள். எழுபத்திரண்டு கிலோ.

ஒரு ஆள்.

ஏழு ஆள்.

கத்தினாலும் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது விளக்கம் இல்லை, ஒரு மனுஷக் குரல். கதவோரம் சுவரில் போன் இருந்தது. மூடியைக் கப்பல் மேலேயே திரும்ப வைத்துவிட்டு ஓடினாள். எனக்கு அடித்தாள். நான் வேலை பார்த்த படகுத் துறையின் காவல் அறை நம்பர் அவளுக்கு மனப்பாடம். காவலாளி என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"என்னக்கா? மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லடா. சாப்பிட்டியா?"

"இதுக்கா கூப்பிட்ட? வேலைல நிக்கிறேன்க்கா."

"கொஞ்ச நேரம் பேசேன். என்னவாவது பேசு."

குரல் சரியில்லை என்று எனக்குப் பட்டது. அதனால் பேசினேன். புதிதாக வாங்கிய செருப்பு கடிக்கிறது, பக்கத்து அறைக்காரன் குறட்டை விடுகிறான்... இப்படி வாய்க்கு வந்ததை எல்லாம். ஐந்து நிமிடம் இருக்கும். எனக்குப் பின்னால் ஒரு சங்கு ஊதியது அவளுக்கும் கேட்டதாம்.

"போச்சு. என்னை விட்டுட்டுப் போயிட்டானுங்க. எல்லாம் உன்னாலதான்" என்று எரிந்து விழுந்து போனை வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் தராசின் சிவப்பு எழுத்து.

54.

ஒரு ஒன்பது குறைந்திருந்தது.

கிட்டே போக அவளுக்குத் தைரியம் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போகவும் மனம் வரவில்லை. கதவோர நாற்காலியில் உட்கார்ந்து அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி. 54.

நாலு ஐந்து. 54.

நாலு பத்து.

பேனா காகிதத்தில் சர்ரென்று ஒரே ஒரு கோடு இழுத்தது.

54... பூஜ்யம்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர் தூங்கிவிட்டது.

மறுநாள் காலை, வேலை போனால் போகிறது என்று அக்கா அவசரத்தின் அறைக்குப் போனாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னாள். எவ்வளவு கத்துவாரோ என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. முந்தின நாள் போட்ட அதே சட்டை. முகம் மழிக்கவில்லை. அவள் நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே வாங்கி வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. பின்பக்கத்தை அகலமாக்கி மறுபடி வரையலாம்."

"காலைலயே வேணும்னீங்களே சார்?"

"அவசரமில்லம்மா" என்றார்.

அப்படியே மாற்றி வரைந்தார்கள். கப்பல்கள் வந்தன. அவற்றில் நான் பல வருடம் ஓடினேன். பின்னால் துரத்தும் அலையிலும் முழு வேகத்தில் போயிருக்கிறேன். ஒரு ஆபத்தும் இல்லை. தான் ஜெயித்துவிட்டதாகவே அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். தராசில் ஏதோ கோளாறு, தனிமையில் ஏதோ மனப்பிரமை என்று அந்த மத்தியானத்தைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டாள். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. போன வருடம், நான் ஓய்வு பெற்று அவள் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் முதல்முறையாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரகசியம் என்று இத்தனை வருடமாகக் கடற்படை எங்கள் வாயைக் கட்டி வைத்திருந்த விஷயத்தை நானும் அவளிடம் சொன்னேன்.

முதல் கப்பல் அப்போதே கட்டியாகிவிட்டது. சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், யாருக்கும் தெரியாமல், நான் வேலை பார்த்த அந்தப் படகுத் துறையிலேயே கட்டியிருந்தார்கள். அவசரம். ஏவுகணை இல்லை, பெயர்கூட வைக்கவில்லை. அன்று மத்தியானம்தான் அதற்கு முதல் முழு வேக ஓட்டம். போக வேண்டியவர்கள் ஏழு பேர். ஏழாவது ஆள் நான். கப்பலில் கால் வைக்கப் போகிற நேரத்தில், அக்காவிடமிருந்து போன் என்று காவலாளி கத்தினார். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. என்னவோ ஏதோ என்று ஓடினேன். ஒரு மெக்கானிக்குக்காகக் காத்திருக்க முடியாது என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்திருக்கிறது. கிளம்பிவிட்டார்கள்.

நாலு பத்துக்கு வயர்லெஸ் நின்றது. பின்னாலிருந்து வந்த அலையில் கப்பல் கவிழ்ந்திருந்தது. மூடிகளைத் திறக்க நேரம் இல்லை. ஆறு பேரும் உள்ளேயே.

அக்கா அழவில்லை. யார் யார் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். சுக்கான் பிடித்தவர். வயர்லெஸ்காரர். பட்டறை ஃபிட்டர்கள் மூன்று பேர். அப்புறம் என் கூட்டாளி மெக்கானிக், கல்யாணமாகி இரண்டு மாதம்.

நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அப்புறம் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரிஞ்ச போன் நம்பர் உன்னோடது ஒண்ணுதாண்டா."