கேப்டன் ரேக் பிடித்த காலை

பந்து புதைந்தது

துளசி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியது ஒரு கோல்ஃப் பந்துக்காக. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் இருக்கிறது எங்கள் கோல்ஃப் மைதானம். தோட்டக்கலை படித்துவிட்டு அங்கே உதவி அதிகாரியாகச் சேர்ந்தேன். புல்லும் பங்கரும் என் பொறுப்பு. பங்கர் என்பது ஆடுபவரைச் சோதிப்பதற்கென்றே வெட்டி மணல் நிரப்பிய பள்ளம். பந்து அதில் விழுந்தால் அடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு தன் காலடித் தடங்களை ஆடியவரே ரேக்கால், அதாவது நீளக் கைப்பிடி போட்ட பல்வாரியால், வாரி அழித்துவிட்டு வர வேண்டும் என்பது ஆட்டத்தின் மரியாதை. எங்கள் மெம்பர்கள் அந்த மரியாதையை மொத்தமாகத் துளசி அக்காவிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அவர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். ஏரியில் மீன் குறைந்த பிறகு அந்த வீட்டில் நிலையான வேலை அவருடையது மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் கேப்டன், அதாவது மெம்பர்களின் தலைவர், ஒரு வெளிநாட்டு விருந்தாளியோடு ஆடினார். பந்து ஏழாவது பங்கரின் சரிவில் விழுந்து பாதிக்கு மேல் புதைந்தது. சுற்றிலும் வட்டக் குழி, நடுவில் பந்தின் தலை. இதை ‘ஃப்ரைட் எக்’ என்பார்கள். பார்க்க அப்படியேதான் இருக்கும். கேப்டன் அடித்தார். மணல் மட்டும் பறந்தது. மறுபடி அடித்தார். விருந்தாளி சிரித்துவிட்டார்.

“யார் இங்க ரேக் பண்றது?” என்றார் கேப்டன்.

மேனேஜர் ஓடி வந்தார். “ஸாரி சார். அந்தம்மாவுக்கு வேலைல கவனமே இல்ல. நாளைலேர்ந்து வர மாட்டாங்க.”

பக்கத்திலேயே நின்றிருந்த துளசி அக்கா மேனேஜரிடம் சொன்னார். “காலைல தானே சார் வாரினேன். நீங்க கூட பாத்துக்கினே போனீங்களே.”

“பேசாம ஐடி கார்டை குடுத்துட்டு போம்மா” என்றார் மேனேஜர். கேப்டன் அதற்குள் அடுத்த ஹோலுக்கு நடந்துவிட்டிருந்தார்.

வெள்ளை மணல்

பந்து ஏன் புதைந்தது என்று மேனேஜருக்கு நன்றாகத் தெரியும். நான் முன்பே சொல்லியிருந்தேன்.

எங்கள் பழைய மணல் பழுப்பு நிறம். அழகு கிடையாது. ஆனால் கோணல்மாணலான துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஏதோ வெளிநாட்டு மைதானத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு, மேனேஜர் பளிச்சென்ற வெள்ளை மணலை இறக்கினார். அதன் துகள் கடுகு போல உருண்டை. கடுகுக் குவியலில் கோலிக்குண்டைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் பந்துக்கும் ஆகும். போதாததற்குத் தூரத்திலிருந்தே வெள்ளை தெரிய வேண்டுமென்று சரிவையும் செங்குத்தாக ஏற்றச் சொன்னார்.

“சார், இந்த மணல் நிக்காது. ஒரே ஒரு பங்கர்ல போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்றேன்.

“போட்டோவுல எப்படி இருக்குன்னு பாத்தல்ல? நீ புல்லைப் பாரும்மா.”

ஐப்பசி மழை வந்தது. ஒவ்வொரு மழைக்கும் மணல் சரிந்து பள்ளத்தின் அடியில் சேர்ந்தது. ஈர மணலை மண்வெட்டியால் வாரி வாரி மேலே ஏற்றியது துளசி அக்காவும் அவரோடு இருந்த பெண்களும். அது இறுகுவதற்குள் அடுத்த மழை. படத்தைப் பார்த்து மணல் வாங்கியவர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, முதுகு ஒடிய மணல் ஏற்றியவருக்குக் கவனமில்லை என்று பெயர்.

ரேக் கை மாறியது

மறுநாள் காலை கேப்டன் பயிற்சிக்கு வந்தார். தொழிற்பேட்டையில் ஒரு பெரிய ஆலையை நடத்துகிறவர். நேராகப் போய்க் கேட்டேன்.

“உங்க பிளான்ட்ல பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, மெட்டீரியலைப் பாக்காம ஆப்பரேட்டரை அனுப்பிடுவீங்களா சார்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன விஷயம்?”

“ஏழாவது பங்கருக்கு வாங்க சார், காட்டுறேன்.”

அங்கே போனதும் ரேக்கை அவரிடம் நீட்டினேன். “உங்களுக்குத் திருப்தி ஆகுற வரைக்கும் நீங்களே வாருங்க சார்.”

பின்னாலேயே வந்த மேனேஜர் பதறினார். “சார் கையில போய் ரேக்கைக் குடுக்கிற? அறிவிருக்கா?”

கேப்டன் ரேக்கை வாங்கிக்கொண்டார். வேர்க்க வேர்க்கச் சரிவு முழுக்க வாரினார். நான் கரையிலிருந்து பந்தை வீசினேன். புதைந்தது. காலால் மிதித்து அழுத்திவிட்டு மறுபடி வாரினார். வீசினேன். புதைந்தது. அடுத்து பயிற்சிப் பங்கருக்கு அழைத்துப் போனேன். அங்கே இன்னும் பழைய மணல்தான் இருந்தது. அதே உயரத்திலிருந்து வீசினேன். பந்து மேலேயே உட்கார்ந்தது.

“மணலை மாத்துங்க” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“துளசி அக்கா, சார்?”

“அது யாரு?”

“நேத்து உங்களால வேலை போனவங்க.”

“நான் எங்க போகச் சொன்னேன்?” என்று மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். “வரச் சொல்லுங்க” என்றார் கேப்டன். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த நாள் துளசி அக்கா வந்தார். கேப்டன் வாரிய கோடுகள் ஏழாவது பங்கரில் அப்படியே கிடந்தன.

“இன்னாம்மா இது, கோழி கிளறினா மாதிரி கீது?”

“கேப்டன் சார் வாரினது அக்கா.”

“இப்படி வாரினதுக்கு என்னை அனுப்பியிருந்தா நானே ஒத்துக்கினு போயிருப்பேன்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பந்து புதைந்தால் முதலில் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். யாராவது வாரியவரைக் குறை சொன்னால், குறை சொல்கிறவர் கையில் ரேக்கைக் கொடுங்கள்.

பழுப்பு மணல் திரும்பி வந்த பிறகு, ஒரு ஞாயிறு கேப்டனின் பந்து மறுபடி ஏழாவது பங்கரில் விழுந்தது. ஒரே அடியில் வெளியே எடுத்தார். சந்தோஷமாகக் கரையேறி நடந்தார். பள்ளம் முழுக்க அவருடைய காலடிகள். துளசி அக்கா இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

“சார், ரேக்கு இங்க கீது.”

கேப்டன் நின்றார். திரும்பி வந்து ரேக்கை எடுத்தார். மேனேஜர் என்னை முறைத்தார். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.