விளம்பர ஓவிய வகுப்பின் கடைசி மேசை

நீங்கள் நம்பாமல் போகலாம். ஆனால் அந்தப் படத்தை எடுத்தவன் நான். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வால்பரைசோ துறைமுகத்துக்கு மேலே, குன்றுச் சரிவில் என் ஸ்டுடியோ. 1931 ஆகஸ்ட், எங்கள் சிலி நாட்டுக் குளிர்காலம். பெண்கள் தொழிற்பள்ளியில் விளம்பர ஓவிய வகுப்பைப் படம் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

சோப்பு உறை, சாக்லேட் டப்பா, கப்பல் கம்பெனிச் சுவரொட்டி என்று மாணவிகள் ஆளுக்கொன்றை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரே சிரிப்பு.

"தோன் எவாரிஸ்தோ, என் மூக்கைக் கொஞ்சம் சின்னதா எடுங்க!"

"உன் மூக்குக்குத் தனியா ஒரு படம் எடுக்கணும்மா."

கடைசி மேசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நீல வண்ணத்தில் தூரிகையைத் தோய்த்து வரைந்துகொண்டிருந்தாள்; குனிந்த தலை நிமிரவில்லை.

"கடைசி மேசைப் பொண்ணே, இங்க பாரும்மா."

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆசிரியை தோன்யா ஹெர்மினியா என் காதருகே வந்தார். "அங்க யாரும் இல்ல. சீக்கிரம் எடுங்க."

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தாள்... என்னையே பார்த்தபடி.

படத் தகட்டைச் செருகினேன். "மூச்சைப் பிடிச்சுக்கங்க."

நான்கு நொடி.

நிமிர்ந்தேன். மேசை காலி.

அன்று மாலையே படத்தைக் கழுவினேன். முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. எல்லாமே லேசாகக் கலங்கியிருந்தன. மூச்சை அடக்கினாலும் உயிருள்ள உடம்பு கொஞ்சம் அசையும்.

ஒருத்தி மட்டும்... இமை முடி வரை தெளிவாக இருந்தாள்.

மறுநாள் படத்தைப் பார்த்த ஆசிரியை அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரொசௌரா... ஜூன்ல காய்ச்சல்ல போயிட்டா. அந்த மேசையில வேற யாரையும் உட்கார வைக்க மனசு வரல."

அவரே ஆள் அனுப்பி அந்தப் பெண்ணின் தாயை என் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார். தோன்யா தெல்ஃபினா. ஊர்த்துணி துவைப்பவள். மகளின் முகத்தை விரல் நுனியால் தடவினாள். அழவில்லை.

"மெலியவே இல்லையே... நல்லாத்தான் இருக்கா."

விரல் கீழே இறங்கியது. மகள் போட்டிருந்த ஸ்வெட்டரில் நின்றது. தாயின் முகம் வெளுத்தது.

"இருங்கய்யா." ஓடினாள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"ஆஸ்பத்திரியில குளிருது குளிருதுன்னா. அவளுக்காகப் பின்ன ஆரம்பிச்சேன். ஒரு கை பாக்கி இருக்கும்போதே போயிட்டா. அடக்கம் பண்ணிட்டு வந்துதான் மிச்சத்தை முடிச்சேன். யாருக்குன்னு தெரியல... கை நிக்கல. பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். அவ இதைக் கண்ணால பார்த்ததே இல்லய்யா."

பிரித்தாள். படத்தில் இருந்த அதே பின்னல். அதே மூன்று பொத்தான்.

வலது கை விளிம்பில் ஓவிய நீல வண்ணம்.

தொட்டேன்.

ஈரம்...

தெல்ஃபினா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு படத்தைக் காட்டி மெல்லக் கேட்டாள்.

"நீங்கதானே நேர்ல பார்த்தீங்க... அளவு அவளுக்குச் சரியா இருந்துச்சாய்யா?"