தூக்காத கை

காவிரிப் பாலத்தில் சோளம் சுடும் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்குக் காது சுடும். போன ஞாயிறும் சுட்டது. "எலுமிச்ச தடவவான்னு அந்தம்மா கேக்குறாங்க, நீங்க எங்க பாக்குறீங்க?" என்றாள் மனைவி. நான் கீழே படித்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருடங்களுக்கு முன் ஞாயிறு மாலைகளில் அங்கேதான், சோள வண்டிப் புகைக்குள், வட்டமாக நின்று ராப் பாடிச் சண்டை போடுவோம். எழுதிவைத்துப் பாடக் கூடாது. எதிரே நிற்பவனைப் பார்த்து அந்த நிமிடமே கட்ட வேண்டும். என் பட்டப்பெயர் எரிமலை. சிரிக்காதீர்கள். திருவெறும்பூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் எரிமலை. மே மாதத்திலும் கறுப்பு ஹூடி.

யாருக்குக் கூட்டம் அதிகமாகக் கத்துகிறதோ அவன் ஜெயித்தான். அந்தக் கத்தலில் அடுத்தவன் பாட்டு மூழ்கிவிடக் கூடாதே என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பாடி முடித்தவன் கையைத் தூக்க வேண்டும். உடனே கூட்டம் அடங்கும். எதிராளியின் அம்மாவை இழுக்காமல் நாலு வரி பாடத் தெரியாத எங்களிடம் இருந்த ஒரே நாகரிகம் அதுதான்.

பெண்களும் வருவார்கள், ஓரமாக ஸ்கூட்டியில் சாய்ந்து வேடிக்கை பார்க்க. வட்டத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் பெண் ரஞ்சனி. ஸ்ரீரங்கத்துக் கோயில் குடும்பம், கல்லூரியில் கடைசி வருடம். குழந்தையிலிருந்து பாசுரம் சேவித்த மூச்சு.

"சிஸ்டர், அவன கொஞ்சம் பாத்துப் பாடச் சொல்றேன்" என்றான் ஸ்பீக்கர் வைத்திருந்த பாஸ்கர்.

"வேண்டாம். நான் பாத்துப் பாட மாட்டேன்" என்றாள்.

சொன்னபடியே பாத்துப் பாடவும் இல்லை. "திருச்சி வெயில்ல ஹூடியப் பாரு, எரிமலைன்னு வெச்சுண்ட பேரு! மேட்டூர்ல தண்ணி தொறக்கவே வேண்டாம், காவேரி நெரம்ப இவன் வேர்வையே ஜோரு!"

கூட்டம் குலுங்கியது. அவள் சட்டென்று கையைத் தூக்கி அடக்கினாள். எனக்காக.

தாளம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் எனக்கு வந்தது இதுதான்: "பேச்ச விடு, வீட்டுக்கு ஓடு, வாசல் தெளிச்சுக் கோலம் போடு!"

நாலாங்கிளாஸ் பையன்கூட வெட்கப்படுவான். ஆனால் சுற்றி நின்ற முப்பது பேரும் ஆண்கள். பாலமே அதிர்ந்தது. ரஞ்சனி அதற்குள் பதில் பாட ஆரம்பித்திருந்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பாடிக்கொண்டே என் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் ஹூடிப் பைக்குள் இருந்தன. மே மாதத்தில் அப்படி என்ன குளிரோ.

"எரிமலைதான்டா!" என்று பாஸ்கர் தீர்ப்புச் சொன்னான்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஸ்கூட்டிகளும் வரவில்லை. நாங்களே எங்களைப் பார்த்துக் கத்தி அலுத்து, ஒரு வருடத்தில் வட்டமும் கலைந்தது.

பல வருடம் கழித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைக் கண்டுபிடித்தாள். "எரிமலை சார், ஹூடி எங்க?"

அசடு வழிந்தபடி கேட்டேன்: "அன்னிக்குக் கடைசியா என்ன பாடுனீங்க?"

"அதையெல்லாம் எழுதியா வெச்சுப்பா? அங்கயே வந்துது, அங்கயே போயிடுத்து" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

என் வரி மட்டும் போகவில்லை. கல்யாண வீடுகளில் பழைய கூட்டம் சேர்ந்தால் என்னைச் சுற்றி நின்று கோலப் பாட்டைக் கோரஸாகப் பாடுகிறது. நான் கையைத் தூக்குகிறேன். இப்போது யாரும் அடங்குவதில்லை.