காத்து அண்டாத பெட்டி

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொன்று பத்துக்கு, அத்தையின் கணினி அணைந்துபோனது. நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், திரையின் ஓரத்தில் இருந்த அந்த எண்ணையே நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பதினொன்றரைக்கு எழுந்து இடம் கொடுப்பதாகவும், நான் கொஞ்ச நேரம் சீட்டு விளையாடலாம் என்றும் அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எண்ணும் இல்லை, திரையும் இல்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறி மெல்ல இளைத்து அடங்கியது.

"போச்சு," என்றாள் அத்தை. "ரெண்டு பக்கம் சேவ் பண்ணல. போச்சு."

அத்தை என்றால், நாங்கள் அய்யா என்று கூப்பிடும் அப்பாவின் தங்கை. ராமநாதபுரத்தில் கணினி படித்துவிட்டு வந்து, அய்யாவிடம் அடம்பிடித்து வாங்கிய பெட்டி அது. கடலாடிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் அதுதான் முதல் கணினி. எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், விண்ணப்பம் என்று எதைக் கொண்டுவந்தாலும் தட்டிக் கொடுப்பாள். அன்றைக்குக் கையில் இருந்தது அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலர். மாலை ஐந்து மணிக்குத் தாளாளர் மதுரை அச்சகத்துக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் வேனை நிறுத்தி, ஃப்ளாப்பிகளை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

மலருக்குப் பின்னால் இன்னொரு பேச்சும் இருந்தது. அபிராமத்திலிருந்து அத்தையைப் பெண் கேட்டிருந்தார்கள். நிலபுலன் உள்ள குடும்பம், தங்கமான மாப்பிள்ளை என்றார்கள். பெண் மட்டும் இந்தப் பெட்டி தட்டுகிற வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். அத்தை முடியாது என்றாள். ஒரு வாரம் வீட்டில் சரியாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அய்யா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இந்த மலரச் சொன்ன நேரத்துக்கு முடிச்சுக் குடு. அப்பறம் நான் வாயத் தொறக்கல. முடியலையா, ஞாயித்துக்கெழம அவுக வாரப்ப வெத்தல பாக்கு மாத்திருவேன்."

ஞாயிற்றுக்கிழமை என்பது மறுநாள்.

அத்தை மறுபடி பொத்தானை அழுத்தினாள். பெட்டி உயிர்பெற்றது. நான்கு பத்தி அடித்திருப்பாள், மறுபடி அணைந்தது. அடுத்த முறை இரண்டு பத்தி. அதற்கடுத்த முறை, பள்ளியின் பெயரைத் தாண்டவில்லை. பாகங்களைச் சேர்த்துப் பெட்டியை உருவாக்கிக் கொடுத்த ராமநாதபுரத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். "நாளைக்குக் காலையில வாரேங்க்கா" என்று மிகவும் அன்பாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பெட்டியின் தலையில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் பார்ப்பது போலவே.

"ஆத்தாடி, கொதிக்குதே!" என்று உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சொட்டச் சொட்ட ஈரத்துணி.

அத்தை போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை பறந்தது. "மதினி! கரண்டு! தூக்கிப் போட்டுரும்!"

"காய்ச்சலுக்குப் பத்துப் போடாம பின்ன என்ன செய்ய?" என்றாள் அம்மா, துணியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டே.

அந்தச் சத்தத்துக்குத்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள். விவரம் கேட்டாள். அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தாள். தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னாள், "ஏத்தா, நாளைக்கு நல்ல காரியம் பேச வாராக. இன்னைக்கிப் பாத்து நிக்கிதுன்னா, இது காத்து கருப்புச் சமாச்சாரம். நான் போயி துண்ணூறு கொண்டாரேன்."

கெட்ட ஆவி அண்டுவதை எங்கள் பக்கத்தில் காத்து கருப்பு என்போம். அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அலமாரி என்றேனே, அதைச் சொல்லவேண்டும். அய்யாவுக்குக் கொஞ்சம் மிளகாய்க் காடு உண்டு. அது போக, வருடத்தில் பாதி நாள் கரிமூட்டம் போடுவார். சீமைக்கருவேல விறகைக் குவியலாக அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, அதை எரியவிடாமல் வேகவைப்பதுதான் மூட்டம். அடியில் சில ஓட்டைகள் விட்டு, வருகிற புகையின் நிறத்தைப் பார்த்து அவற்றை அடைத்துக்கொண்டே வருவார்கள். மண் எங்காவது வெடித்துக் காற்றுப் புகுந்துவிட்டால் அத்தனையும் பற்றிச் சாம்பலாகிவிடும். ஆகவே அய்யாவுக்கு உலகத்தில் ஒரே எதிரி காற்றுதான். கணினியைக் கொண்டுவந்த அன்று மெக்கானிக், "உப்புக்காத்தும் தூசியும் படாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனதை அவர் தமது தொழிலின் பாஷையில் புரிந்துகொண்டார்.

கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரி ஒன்று செய்யச் சொல்லிப் பெட்டியை அதற்குள் குடிவைத்தார். பெட்டியின் விலாவில் வரிசையாக இருந்த ஓட்டைகளைப் பழுப்பு டேப்பால் ஒட்டினார். முன்பக்கம் அடியில் இருந்த இடைவெளியில் பஞ்சைத் திணித்து, அதற்கும் டேப். பின்பக்கத்து விசிறியையும் ஒட்டப்போனவரை, அத்தை கெஞ்சித்தான் நிறுத்தினாள். அவளுக்கும் அதற்கு மேல் தெரியாது. அவள் படித்த இடத்தில் அறைக்கே ஏசி இருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் திறந்து காட்டியதில்லை. மழைக்காலமும் மார்கழியும் தொந்தரவில்லாமல் ஓடியதால், அய்யாவின் வேலைப்பாட்டை வந்தவர்களெல்லாம் பாராட்டவும் செய்தார்கள்.

அன்று அத்தை வேறு வழியில்லாமல் பெட்டியை வெளியே இழுத்து, கத்தி முனையால் திருகுகளைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்தாள். குனிந்து எட்டிப் பார்த்த என் முகத்தில் குப்பென்று அனல் அடித்தது. அந்த அனல் எனக்குப் பழக்கமானது. மூட்டத்தைப் பிரிக்கும் நாளில் பக்கத்தில் போய் நின்று பலமுறை வாங்கியிருக்கிறேன்.

"அத்தை," என்றேன், "அய்யா இதுக்கும் மூட்டம் போட்டுட்டாரு."

அத்தை என்னைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள். காலையிலிருந்து இறுகிப்போயிருந்தவள், தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரத்தில் திருநீறோடு உள்ளே வந்த பெரியம்மா, சிரிக்கிறவளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெரியம்மா, இதுக்குக் காத்து கருப்பு அண்டல. காத்தே அண்டாம இருக்கு. அதான் நோக்காடு!" என்றாள் அத்தை.

டேப்பைக் கிழித்தோம். பஞ்சைப் பிடுங்கினோம். உள்ளே இருந்த குட்டி விசிறியின் அடியில் கறுப்புக் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. அய்யாவின் சட்டையோடு வீட்டுக்கு வந்த கரித்தூள்தான். அத்தை என் ஓவியப் பிரஷ்ஷால் அதைச் சுரண்டி எடுத்தாள். பெட்டியை ஜன்னலோரப் பெஞ்சில் வைத்து, திறந்தபடியே விட்டு, பின்பக்கமாக மேசை விசிறியைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினாள்.

முன்பைவிட அதிக நேரம் தாங்கியது. முதல்வர் உரை முடிந்தது. தமிழாசிரியரின் வாழ்த்துப்பாவில் பாதி வந்ததும், மறுபடி அணைந்தது.

அத்தை எழுந்து சுவரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. அழாமல் அப்படி நிற்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தொறந்துதான கெடக்கு? இன்னும் என்ன கேக்குது?" என்று சுவரிடம் கேட்டாள்.

மூட்டத்தில் காற்று எங்கே போகிறதென்று அய்யா கண்ணால் பார்ப்பதில்லை, புகையைத்தான் பார்ப்பார். நான் சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து, பெட்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும் அதன் வயிற்றுக்குள் நீட்டினேன். இடது கையைத் தகட்டின் ஓரத்தில் ஊன்றியிருந்தேன். சுர்ரென்று கரண்டு ஒரு கடி கடித்தது. கையை உதறிவிட்டு மறுபடி நீட்டினேன்.

இதை எழுதும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. இன்று என் மகளுக்கு அப்போதைய என் வயது. அவள் சார்ஜரைச் செருகும்போதே பக்கத்தில் போய் நிற்கிறவள் நான். கரண்டு ஓடுகிற பெட்டிக்குள், சுழலுகிற விசிறிக்கு விரலிடைத் தூரத்தில் ஒரு குழந்தையின் கை. மூன்று பெண்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், ஒருவரும் "ஏ கழுத, கையை எடு" என்று சொல்லவில்லை. பெரியம்மா கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டாள். ஊதுபத்தியைக் கண்டதும் பூசை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

புகை எந்தப் பக்கமும் போகவில்லை. பின்பக்க ஓட்டைக்கு அருகில் போய், திரும்பி வந்து, உள்ளேயே சுருண்டு சுருண்டு நின்றது.

"அத்தை, இதோட விசிறி வெளிய தள்ளுது. நம்ம விசிறி உள்ள தள்ளுது. ரெண்டும் மல்லுக்கட்டுது."

அத்தை குனிந்து அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. பெட்டியைத் திருப்பினோம். முன்பக்கம் மேசை விசிறிக்கு, முதுகு ஜன்னலுக்கு. கடற்காற்று வீட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிப்பதால் இந்த ஜன்னல் எப்போதும் வெளியேதான் இழுக்கும். முன்பக்கத்து ஓட்டைக்கு நேர் பின்னால் சாம்பல் நிறப் பட்டை ஒயர்கள் திரை போலத் தொங்கி வழியை மறித்தன. என் பின்னலை அவிழ்த்து, பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பனால் அவற்றைச் சுருட்டி ஓரமாகக் கட்டினாள் அத்தை. பிறகு, நாங்கள் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். பக்கத் தகட்டை எடுத்து மூடினாள்.

"ஏத்தா, மறுபடி மூடுற?" என்றாள் அம்மா.

"நாலு பக்கமும் தொறந்து கெடந்தா காத்து இஷ்டத்துக்கு அலையும் மதினி. ஒரு வழி வரட்டும், ஒரு வழி போகட்டும்."

"மணலு போகுமே?"

"போகும்தான்."

அம்மா உள்ளே போய் மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து முன்பக்க ஓட்டைக்கு முன்னால் நிறுத்தி, சணலால் கட்டினாள். "இதுல ரவையே போகாது. மணலு எப்பிடிப் போகுதுன்னு பாப்போம்."

ஊதுபத்தியைச் சல்லடைக்கு முன்னால் பிடித்தேன். புகை நூல் போல நீண்டு, சல்லடைக்குள் நுழைந்து, காணாமல்போனது. நாங்கள் நால்வரும் பெட்டியின் முதுகுப்பக்கம் ஓடினோம். பின்பக்க விசிறியிலிருந்து சன்னமாக, வெதுவெதுப்பாக, ஊதுபத்தி வாசனை ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"போகுது! போகுது!" என்று கத்தியது பெரியம்மாதான். எது போகிறதென்று அவள் நினைத்தாளோ தெரியாது. ஆனால் எங்களைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

அதன்பின் பெட்டி நிற்கவில்லை. அத்தை பத்திக்குப் பத்தி சேவ் செய்தபடி அடித்தாள். நான் பக்கத்தில் நின்று கட்டுரைகளை வாசித்தேன். நன்கொடையாளர் பெயர்கள் வந்தபோது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா கரண்டியோடு வந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். பெரியம்மா பெட்டியின் முதுகில் கைவைத்தபடி காவல் இருந்து, "இப்ப சுடல... இப்பவும் சுடல..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு நினைவே யாருக்கும் வரவில்லை. பின்னட்டை வாசகம் முடிந்து, கடைசி ஃப்ளாப்பி கரகரவென்று எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

தாளாளர் செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார். "முடிஞ்சிருக்காதுன்னு நெனச்சுத்தான் வந்தேன்," என்றார்.

"முடிஞ்சிருச்சு சார். பிழைதிருத்தமும் பாத்துட்டேன்," என்று அத்தை ஃப்ளாப்பிகளை நீட்டினாள். அவர் பெஞ்சில் இருந்த பெட்டியையும் அதன் முகத்தில் கட்டியிருந்த சல்லடையையும் ஒருமுறை பார்த்தார். ஃப்ளாப்பிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். வேன் திரும்பியதும் அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அவிழ்ந்த என் தலைமுடி அவள் வாய்க்குள் போனது. நாங்கள் இருவரும் தரையில் விழுந்தோம். அம்மா "பைத்தியங்களா" என்றாள், அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அய்யா வந்தார். முகம், கை, வேட்டி எல்லாம் கரி. வழியில் வேனை நிறுத்தித் தாளாளர் சொல்லியிருக்க வேண்டும், ஒன்றும் விசாரிக்கவில்லை. கிழித்துப் போட்ட டேப் சுருள்கள் தரையில் கிடந்தன. அவற்றை யாரும் பெருக்கியிருக்கவில்லை. அய்யா அவற்றைப் பார்த்தார், காலியாக நின்ற அலமாரியைப் பார்த்தார். எங்கள் சிரிப்பு நின்றுபோனது. அவர் பெஞ்சருகே போய், பெட்டியின் பின்பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையில் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அம்மாவிடம், அத்தையைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கி அபிராமத்துக்காரக வந்தா, வீட்ல ஆளில்லன்னு சொல்லிரு."

"நாளைக்கு லீவுதான அய்யா? நாம எல்லாரும் இங்கனதான இருப்போம்?" என்றேன் நான். பொய் சொல்லக்கூடாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தை, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு கொல்லைப்பக்கம் போய் நின்று எதற்காக அப்படித் தேம்பினாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. அய்யா மட்டும் என் அவிழ்ந்த தலையில் கரிக்கையை வைத்துச் சொன்னார்:

"இருப்போம்த்தா. எல்லாரும் இங்கனதான் இருப்போம்."